எல்லோரா, நாசிக், ஹரிஹரேஷ்வர் – ஒரு பத்து நாள் பிரயாணக் கணக்கு

(மும்பைக் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



போன மாதம் செயலாளர் போனில் கூப்பிட்டு, "நீங்க குடும்பத்தோட ஏதோ பெரிய டூர் போயிட்டு வந்தேளாமே, அதைப் பத்திப் பேசுங்கோ" என்றார். நான் சரித்திரப் பேராசிரியர் இல்லை, உபன்யாசகர் இல்லை. ரிடையர் ஆன ஒரு கணக்கு ஆசாமி. எனக்குத் தெரிந்தது கணக்கு. ஆகவே இந்தப் பிரயாணத்தையும் கணக்காகவே சொல்கிறேன். எங்கே கூட்டல் தப்பியது, எங்கே சரியாக வந்தது என்று சொன்னால் நாளைக்கு உங்களில் யாராவது கிளம்பும்போது உபயோகப்படும்.

முதலில் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான், என் ஆத்துக்காரி, 76 வயதான என் அக்கா, பெங்களூரிலிருந்து பையன், மாட்டுப்பெண், 7 வயதுப் பேத்தி. ஆறு பேர், ஆறு ஆசை. எனக்கு எல்லோராவும் அஜந்தாவும். ஆத்துக்காரிக்கு ஜோதிர்லிங்க தரிசனம், அது ஒரே பிரயாணத்தில் இரண்டு கிடைத்தால் விசேஷம். பேத்திக்குக் கடல். பையனுக்கும் மாட்டுப்பெண்ணுக்கும் நாசிக்கில் திராட்சைத் தோட்டம், ஒயின் தயாரிக்கும் இடம். அக்கா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து மெதுவாக, "ஹரிஹரேஷ்வர் வழியிலே வருமாடா?" என்றாள்.

அதற்கு ஒரு பின்னணி உண்டு. அத்திம்பேர் மும்பையில் வேலையாக இருந்த காலத்தில் இருவரும் ஒரு தடவை ஹரிஹரேஷ்வர் போயிருக்கிறார்கள். கொங்கணக் கரையில், ஸாவித்ரி நதி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. தக்ஷிண காசி என்பார்கள். அங்கே பிரதக்ஷிணம் கோவில் பிராகாரத்தில் அல்ல. கோவிலுக்குப் பின்னால் குன்றில் ஏறி, பாறை இடுக்கில் படி இறங்கி, கடலை ஒட்டிய பாறைகள் மேலேயே நடந்து சுற்றி வரவேண்டும். அன்றைக்கு அலை பாறை மேல் அடித்துக்கொண்டிருந்ததால் பாதிப் படியில் திரும்பிவிட்டார்கள். "இன்னொரு தடவை வந்து முடிச்சுடலாம்" என்று அத்திம்பேர் சொன்னாராம். அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது.

நான் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் திட்டத்தில் ஏழு ஊர். ஔரங்காபாத் (2023ல் சத்ரபதி ஸம்பாஜிநகர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எனக்கு வாய் இன்னும் பழகவில்லை), ஷிர்டி, நாசிக், பூனா, கோலாப்பூர், மஹாபலேஷ்வர், ஹரிஹரேஷ்வர். சனிக்கிழமை கிளம்பி, ஞாயிறு ஓய்வு, திங்கள் அஜந்தா, செவ்வாய் எல்லோரா என்று அழகாகக் கட்டம் போட்டேன். ஒரு டிராவல் ஏஜெண்ட்டிடம் காண்பித்தேன். "ஃபர்ஸ்ட் கிளாஸ் பிளான் ஸார்" என்று அட்வான்ஸும் வாங்கிக்கொண்டார்.

நல்ல வேளையாக மாட்டுப்பெண் பார்த்தாள். "அப்பா, அஜந்தா திங்கட்கிழமை லீவு. எல்லோரா செவ்வாய்க்கிழமை லீவு" என்றாள். வாரத்தில் எத்தனையோ நாள் இருக்க, இரண்டையும் மூடியிருக்கும் நாளில் வைத்தேன்! இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: அஜந்தாவுக்குத் திங்கள் விடுமுறை, எல்லோராவுக்குச் செவ்வாய் விடுமுறை. ஏஜெண்ட்டிடம் அட்வான்ஸ் பாதிதான் திரும்பி வந்தது. அதைப் பற்றிப் பேசினால் ரத்த அழுத்தம் ஏறுகிறது, விட்டுவிடுகிறேன்.

அப்புறம் ஏழு ஊரை வெட்ட ஆரம்பித்தோம். கோலாப்பூர் மஹாலக்ஷ்மியைத் தனியாகப் போய்ப் பார்க்கலாம் என்று அக்காவே விட்டுக்கொடுத்தாள். மஹாபலேஷ்வர் போயிற்று, ஷிர்டியும் போயிற்று. ஒரு விதி வைத்தோம்: எந்த ஊரிலும் இரண்டு இரவுக்குக் குறைந்து தங்கக் கூடாது. ஓர் இரவு தங்கினால் பெட்டியைத் திறப்பதும் மூடுவதும்தான் மிச்சம், ஊரைப் பார்த்ததாக ஆகாது. பூனா மட்டும் விதிவிலக்கு, அங்கே சித்தி பெண் வீடு இருக்கிறது.

மிஞ்சியது நாசிக்கில் அந்த ஒயின் தோட்டம். பையன் எழுதியிருந்தான், நான் அடித்தேன். மறுபடி எழுதினான், மறுபடி அடித்தேன். மூன்றாவது தடவை ஆத்துக்காரி, "அவனும்தானே பாதிச் செலவு பண்றான்?" என்றாள். "இது செலவைப் பத்தின விஷயம் இல்லை" என்றேன். வீட்டில் இரண்டு நாள் பேச்சு வார்த்தை குறைவாக இருந்தது. கடைசியில் அக்காதான் தீர்த்து வைத்தாள். "திராட்சைத் தோட்டம்தானே? நான் கொடியிலே திராட்சை பார்த்ததே இல்லை. எனக்குப் பார்க்கணும்." ஒன்பது கஜம் கட்டி, வெங்காயம் பூண்டு சேர்க்காத அக்கா அப்படிச் சொன்னபின் நான் என்ன சொல்ல முடியும்?

இப்போது கடல். இதுதான் இந்த உரையிலேயே முக்கியமான பாகம், கவனமாகக் கேளுங்கள். என் திட்டப்படி ஹரிஹரேஷ்வரில் 2025 பிப்ரவரி 12, புதன்கிழமை காலை பத்தரைக்குப் பிரதக்ஷிணம், பிறகு சாப்பாடு, உடனே கிளம்புவது. எங்கள் பக்கத்து ஃப்ளாட்டில் இருக்கும் மராட்டிக்காரர் பூர்வீகமாகக் கொங்கணத்தார். கட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "அன்னிக்கு என்ன திதி?" நான் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பௌர்ணமி என்றேன். "அப்படியானால் பதினொன்றேகாலுக்குக் கடல் முழுக்க ஏறியிருக்கும். அந்தப் பாதையே தண்ணீருக்குள் இருக்கும்" என்றார்.

எனக்கு ஆச்சரியம். எப்படி ஐயா சொல்கிறீர்கள் என்றேன். கொங்கணக் கரையில் செம்படவர்களும் படகுக்காரர்களும் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் கணக்கு அது. திதியின் எண்ணை முக்காலால் பெருக்கு. வருகிற எண்தான் கடல் நிறைய ஏறும் மணி. பௌர்ணமி 15, முக்காலால் பெருக்கினால் பதினொன்றேகால். அஷ்டமி 8, முக்கால் 6, ஆக ஆறு மணிக்கு ஏற்றம். அதிலிருந்து சுமார் ஆறேகால் மணி தள்ளினால் நன்றாக வடிந்திருக்கும். அதிலிருந்து இன்னொரு ஆறேகால் மணியில் மறுபடி ஏற்றம். சுக்ல பக்ஷமானாலும் கிருஷ்ண பக்ஷமானாலும் ஒரே கணக்கு, அமாவாசைக்கும் 15 என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு ஆசாமி ஆனதால் நான் இதைச் சும்மா விடவில்லை. சந்திரன் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிஷம் தாமதமாக உதயமாகிறது. கடலேற்றமும் அதோடு சேர்ந்து அவ்வளவு தள்ளிப்போகிறது. திதிக்கு முக்கால் மணி என்றால் 45 நிமிஷம். மனக்கணக்குக்கு இதைவிட என்ன வேண்டும்? அச்சிட்ட கடலேற்ற அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், கொஞ்சம் முன்னே பின்னே சரியாகவே இருந்தது. இன்னொன்றும் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வடிவதும் அதிகம். அஷ்டமியில் இரண்டுமே மந்தம். ஆகவே பாறைப் பாதை நன்றாக வெளியே தெரிவது பௌர்ணமி, அமாவாசை சாயங்காலம் ஐந்தரை மணி வாக்கில், அல்லது மறுநாள் பிரதமை விடிகாலையில். வெயிலும் இல்லாத வேளை. நாம் தர்ப்பணத்துக்கும் ஏகாதசிக்கும் பார்க்கிற அதே பஞ்சாங்கம் கடலுக்கும் பொருந்துகிறது பாருங்கள்.

திட்டத்தைத் திருப்பிப் போட்டோம். ஆரம்பத்திலிருந்து முடிவுக்கு எழுதாமல், முடிவிலிருந்து பின்னோக்கி எழுதினோம். 12ஆம் தேதி பௌர்ணமி சாயங்காலம் ஹரிஹரேஷ்வர் என்பது ஆணி அடித்தது. அதற்கு முன் 11 பூனா. அதற்கு முன் மூன்று இரவு நாசிக். அதற்கு முன் மூன்று இரவு ஔரங்காபாத். எண்ணிப் பார்த்தால் 5ஆம் தேதி புதன்கிழமை கிளம்ப வேண்டும். வியாழன் எல்லோரா, வெள்ளி அஜந்தா. திங்களும் செவ்வாயும் தானாகவே ஒதுங்கிவிட்டன.

புதன் காலை தபோவன் எக்ஸ்பிரஸில் கிளம்பினோம். மும்பைக்காரர்களுக்கு இது சௌகரியம். பெங்களூர், டில்லிப் பக்கத்து உறுப்பினர்களுக்குக் கர்நாடகா எக்ஸ்பிரஸ் மன்மாட் வழியாகப் போகிறது, மன்மாடில் இறங்கினால் ஒரு பக்கம் நாசிக், மறு பக்கம் ஔரங்காபாத். காரில் போகிறவர்களுக்கு நாக்பூர்–மும்பை ஸம்ருத்தி நெடுஞ்சாலை 2025 ஜூனில் முழுவதுமாகத் திறந்துவிட்டது, நாங்கள் போனபோது கடைசித் துண்டு பாக்கி.

எல்லோரா ஔரங்காபாதிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். மொத்தம் 34 குகைகள்: 1 முதல் 12 வரை பௌத்தம், 13 முதல் 29 வரை நம்முடையது, 30 முதல் 34 வரை ஜைனம். முழங்கால் வலி உள்ளவர்கள் எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட வேண்டாம். 16ஆம் குகை ஒன்றே போதும், அதுதான் கைலாஸநாதர். குகை என்று சொல்வதே தப்பு. மலையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்து, சுற்றியிருந்த பாறையை எடுத்துவிட்டுக் கோவிலை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். சாரம் கட்ட வேண்டாம், ஆனால் ஒரு உளி தப்பினால் ஒட்டுப் போடவும் முடியாது. ராஷ்டிரகூட முதலாம் கிருஷ்ணன் காலம், எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி.

அக்கா முற்றத்தில் நின்று விமானத்தைப் பார்த்துவிட்டு, "இது நம்ம காஞ்சிபுரம் மாதிரின்னா இருக்கு!" என்றாள். அக்கா படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் சரித்திர ஆசிரியர்கள் சொல்வதும் அதுதான். காஞ்சி கைலாஸநாதர் கோவிலைக் கட்டியது ராஜஸிம்ம பல்லவன். சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை ஜெயித்தபோது அந்தக் கோவிலை இடிக்காமல், அதன் சொத்தைத் திருப்பிக் கொடுத்ததாக அங்கேயே கல்வெட்டு வைத்துவிட்டுப் போனான். அவனுடைய ராணி லோகமஹாதேவி பட்டதக்கல்லில் கட்டிய விரூபாக்ஷர் கோவிலில் காஞ்சியின் சாயல். சாளுக்கியர்களை வென்ற ராஷ்டிரகூடர்களின் எல்லோராவில் பட்டதக்கல்லின் சாயல். ஆக, ஜெயித்தவர்கள் தோற்றவர்களின் கோவிலைப் பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

ஒரு யோசனை: கைலாஸம் மேற்குப் பார்த்தது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் முகப்பில் வெயில் விழுந்து நன்றாகத் தெரியும். ஆகவே காலையில் அரைக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் க்ருஷ்ணேஷ்வர் ஜோதிர்லிங்க தரிசனம் (ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் கர்ப்பக்ருஹத்துக்குள் போக வேண்டும், நமக்குப் பழக்கம்தான்), பிறகு சாப்பாடு, பிறகு கைலாஸம். நடக்கக்கூடியவர்கள் பக்கத்துக் குன்றின் மேலேறி அங்கிருந்து கோவிலைக் கீழே பார்க்க வேண்டும். பேத்தியும் பையனும் ஏறினார்கள். நான் ஏறவில்லை என்ற குறை இன்னும் இருக்கிறது.

தஞ்சாவூர்க்காரர்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்காக ஒன்று. எல்லோராவின் ஊர்ப் பெயர் வேரூள். போன்ஸ்லே குடும்பம் அந்த வேரூள் கிராமத்துப் பாட்டீல்கள். சிவாஜியின் தாத்தா மாலோஜி, க்ருஷ்ணேஷ்வர் கோவிலைப் புதுப்பித்தவர். பின்னால் அஹல்யாபாய் ஹோல்கர் மறுபடி கட்டினார். மாலோஜியின் பிள்ளை ஷாஹாஜி, ஷாஹாஜியின் பிள்ளை வெங்கோஜி என்கிற ஏகோஜி. 1670களில் தஞ்சாவூரில் மராட்டிய ஆட்சியை ஸ்தாபித்தவர் அவர்தான். நாங்கள் சின்ன வயதில் ஓடி விளையாடிய அரண்மனை வளாகத்தின் ராஜாக்களுக்கு இந்தப் பொட்டல் கிராமம் பூர்வீகம் என்று சொன்னபோது, அக்கா தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் அஜந்தா, 100 கிலோமீட்டர். நம் காரை நாலு கிலோமீட்டர் முன்பே நிறுத்திவிட்டு, அங்கிருந்து அரசாங்க பஸ்ஸில் போக வேண்டும். பெரியவர்களுக்கு டோலி கிடைக்கிறது, நாலு பேர் நாற்காலியில் தூக்கிப் போவார்கள். அக்கா முதலில் மறுத்து, பிறகு கூச்சத்தோடு உட்கார்ந்தாள். ஓவியங்களுக்கு 1, 2, 16, 17 ஆகிய நான்கு குகைகள் முக்கியம். உள்ளே இருட்டாக இருக்கும், கண் பழகுவதற்கு இரண்டு நிமிஷம் பொறுத்தால் ஒவ்வொரு முகமாக வெளிவரும். 1819ல் புலி வேட்டைக்கு வந்து இந்தக் குகைகளைக் கண்ட ஜான் ஸ்மித் நம் மதராஸ் ராணுவத்தின் 28ஆவது குதிரைப் படைக்காரர். பத்தாம் குகைத் தூண் ஒன்றில், பழைய ஓவியத்தின் மேலேயே தன் பெயரைக் கீறிவிட்டுப் போயிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் செய்யும் அநியாயம் எக்காலத்திலும் ஒரே மாதிரிதான்.

தௌலதாபாத் கோட்டை, பீபி கா மக்பரா இவற்றை வண்டியிலிருந்தபடியே பார்த்தோம். சனிக்கிழமை நாசிக். ஞாயிற்றுக்கிழமை த்ரயம்பகேஷ்வர் வைத்தது என் கணக்கில் திருத்தத் தவறிய பிழை. கூட்டமான கூட்டம், நான்கு மணி நேரம் வரிசை. உங்களுக்குச் சொல்கிறேன், ஞாயிறும் திங்களும் தவிர்த்து வேறு நாளில் போங்கள். 2026–27ல் சிம்ஹஸ்த கும்பமேளா வேறு வருகிறது, அதற்கென்று போகிறவர்களைத் தவிர மற்றவர்கள் நாசிக்கை அந்தச் சமயத்தில் விட்டுவிடலாம். மூன்று கட்டைவிரல் அளவு லிங்கங்கள் ஒரு குழிக்குள், பிரம்மா விஷ்ணு சிவன். தரிசனம் ஆனபோது நாலு மணி நேரம் மறந்துபோயிற்று, அது வேறு விஷயம்.

பஞ்சவடியில் காலாராம் கோவிலுக்கும் போனோம். கறுப்புக் கல்லில் கம்பீரமான கோவில். 1930 மார்ச் 2ஆம் தேதி டாக்டர் அம்பேத்கர் ஆலயப் பிரவேச ஸத்யாக்ரஹம் ஆரம்பித்தது இந்த வாசலில்தான். உள்ளே விடவில்லை. ராமர் சந்நிதிக்கே மனிதர்களை விடாமல் நின்றவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான் என்று பேத்திக்குச் சொன்னேன். "ஏன் தாத்தா?" என்றாள். பதில் சொல்ல வாய் வரவில்லை. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் அந்தக் கேள்விக்குத் தயாராகப் போங்கள்.

திங்கட்கிழமை திராட்சைத் தோட்டம். கங்காபூர் அணையை ஒட்டிய பக்கம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் தோட்டத்தைச் சுற்றிக் காட்டிய பையன் சொன்னதில் எனக்கே ஆர்வம் வந்துவிட்டது. ஐரோப்பாவில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும், வேனிலில் காய்த்து, வெயில் முடிகிறபோது அறுவடை. நம் ஊர் உஷ்ணத்தில் கொடி தூங்குவதே இல்லை. அதனால் வருஷத்தில் இரண்டு தடவை வெட்டுகிறார்கள். ஏப்ரல் வாக்கில் ஒரு வெட்டு கிளை பலப்படுவதற்கு, மழை ஓய்ந்து செப்டம்பர், அக்டோபரில் ஒரு வெட்டு காய்ப்பதற்கு. பழம் குளிர்காலத்தில் முற்றி, ஜனவரியிலிருந்து மார்ச் வரை அறுவடை. உலகமெல்லாம் கோடையில் பழுப்பதை இங்கே குளிரில் பழுக்க வைக்கிறார்கள். போகிறவர்கள் இந்த மூன்று மாதத்தில் போனால்தான் கொடியில் பழம் இருக்கும், மற்ற நேரத்தில் குச்சியும் கம்பியும்தான்.

நாம் சாப்பிடும் தாம்ஸன் திராட்சை வேறு, ஒயின் திராட்சை வேறு. பின்னது சின்னது, தோல் தடிப்பு, உள்ளே விதை, தித்திப்பு அதிகம். அக்கா ஒன்றை வாயில் போட்டு, "கல்கண்டு மாதிரி இருக்கு, ஆனா கடிக்கத்தான் முடியலை" என்றாள். நாசிக்கில் இந்தத் தொழில் பழசில்லை. 1990களின் கடைசியில் ஸூலா என்ற கம்பெனி ஆரம்பித்து, 2001ல் மஹாராஷ்ட்ர அரசாங்கம் திராட்சைக்குத் தனிக் கொள்கை கொண்டுவந்த பிறகு பெருகியது. வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து தோலை நீக்கிவிடுகிறார்கள். சிவப்புக்குத் தோலோடேயே ஊறவிடுகிறார்கள், நிறம் தோலிலிருந்துதான் வருகிறது. பெரிய பெரிய எவர்சில்வர் தொட்டிகள், வெளியே குளிர்ந்த நீர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கோவில் மடைப்பள்ளியைவிடச் சுத்தம், மன்னிக்கவும், உள்ளதைச் சொன்னேன்.

கடைசியில் ருசி பார்க்கும் அறை. ஐந்து கண்ணாடிக் கிண்ணம் வரிசையாக வைத்தார்கள். பையன் என்னைப் பார்த்தான். கிண்ணத்தைத் தொடவில்லை. நாற்பது வயது ஆண்பிள்ளை, ஐம்பது பேரை வேலை வாங்குகிறவன், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு நின்ற மாதிரி நின்றான். நான் ஒன்றும் சொல்லாமல் அக்காவைக் கூட்டிக்கொண்டு வெளி வராந்தாவுக்கு வந்து உட்கார்ந்தேன். இது சரியா தப்பா என்று இந்தச் சபையில் தீர்ப்புக் கேட்கவில்லை. எனக்கு இதில் உடன்பாடு இல்லை, இன்றைக்கும் இல்லை.

வராந்தாவில் அக்கா சொன்னாள்: "அப்பா ராத்திரி ராத்திரி ஒரு அவுன்ஸ் திராக்ஷாரிஷ்டம் சாப்பிடுவாரே, ஞாபகம் இருக்கா? அந்தக் கிளாஸைக் கழுவறது என் வேலை." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரிஷ்டமும் ஆஸவமும் ஊறிப் புளித்து ஆல்கஹால் தானாக உண்டாகும் வஸ்துதான். மருந்து என்று வாங்கியதால் அப்பாவுக்கு அது கஷாயம். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் கோபம் கொஞ்சம் இறங்கியது.

அன்று ராத்திரி பையன் தனியாக வந்து உட்கார்ந்தான். எட்டு வருஷமாக எப்போதாவது சாப்பிடுவதாகவும், நான் பெங்களூர் வரும்போதெல்லாம் பாட்டிலைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்பதாகவும் சொன்னான். "எட்டு வருஷமா ஒளிச்சது கஷ்டமா இருந்ததுப்பா" என்றான். "பக்கத்து வீட்டுக்காரர் திருப்பிக் கொடுத்தாரா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் வெகு நேரம் உட்கார்ந்திருந்தோம்.

செவ்வாய் பூனா, சித்தி பெண் வீட்டில் ரசமும் சுட்ட அப்பளமும். ஆறு நாள் கழித்து ரசம் என்றால் உங்களுக்கே தெரியும். புதன்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பி முல்ஷி, தாம்ஹிணி காட், மாண்காவ் வழியாக ஹரிஹரேஷ்வர். காட் முழுக்க வளைவு, பேத்தி இரண்டு தடவை வாந்தி. எலுமிச்சம்பழம், பிளாஸ்டிக் பை, ஈரத் துண்டு மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். ஐந்து மணி நேரம் என்றார்கள், எங்களுக்கு ஆறரை ஆயிற்று. தங்கியது ஒரு கொங்கணஸ்த பிராம்மணர் வீட்டில். பாக்குத் தோப்புக்கு நடுவே ஓட்டு வீடு. சாப்பாடு முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். உகடீசே மோதக் என்று கொண்டு வந்து வைத்தார்கள், பார்த்தால் நம் பூரணக் கொழுக்கட்டை! வெங்காயம் பூண்டு இல்லாமல் என்று சொன்னால் முகம் சுளிக்காமல் செய்கிறார்கள்.

முறைப்படி முதலில் காலபைரவர், பிறகு ஹரிஹரேஷ்வர், மறுபடியும் காலபைரவர். அதை முடித்துக்கொண்டு நாலேகாலுக்குக் குன்றின் உச்சியில் நின்றோம். காலையில் பதினோரு மணிக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதாகப் பூக்காரி சொன்னாள். இப்போது கடல் கீழே இறங்கி, பாறைகள் தேன்கூடு மாதிரி குழிகுழியாக வெளியே நின்றன.

படிகள் செங்குத்து, இரண்டு பாறைகளுக்கு நடுவே. அக்கா ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். முன்னால் பையன், பக்கத்தில் மாட்டுப்பெண். அரை மணி ஆயிற்று. கீழே வந்ததும் அக்கா பாறைகளைப் பார்த்தாள். ஈரம், பாசி, மேடு பள்ளம். பத்தடி நடந்தாள். அப்புறம் ஒரு தட்டைப் பாறையில் உட்கார்ந்துவிட்டாள். "இதுக்கு மேலே என் கால் வராதுடா" என்றாள்.

நாங்கள் யாரும் பேசவில்லை. பையன் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றான், வேண்டாம் என்றாள். பிறகு மாட்டுப்பெண்ணைக் கூப்பிட்டு, "எனக்குப் பதிலா நீ போயிட்டு வரயா? எங்காத்துக்காரர் பேரைச் சொல்லி ஸங்கல்பம் பண்ணிக்கோ" என்றாள். முந்தாநாள் ஒயின் கிண்ணத்தோடு நின்ற அதே பெண். அவள் செருப்பைக் கழற்றி வைத்து, தலைப்பைச் செருகிக்கொண்டு, "அத்தை, பேரும் கோத்ரமும் சொல்லுங்கோ" என்று கேட்டு வாயால் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பேத்தியும் கூடப் போனாள். நானும் ஆத்துக்காரியும் அக்காவோடு உட்கார்ந்திருந்தோம். கடல் சத்தம் மட்டும்தான். முக்கால் மணியில் இருவரும் திரும்பி வந்தார்கள், பேத்தி கை நிறையக் கிளிஞ்சலோடு. அக்கா மாட்டுப்பெண்ணின் கால் பாதத்தைப் பார்த்தாள். பாறை கீறி ரத்தம் வந்திருந்தது. தன் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

இறங்கினதைவிட ஏறுவது சுலபமாக இருந்தது, ஏன் என்று தெரியவில்லை. ஆறரைக்குச் சூரியன் போனபோது நாங்கள் மேலே வந்துவிட்டோம். எட்டு மணிக்கெல்லாம் தண்ணீர் மறுபடி ஏறிப் பாதையில் பாதி மறைந்துவிட்டதாக அந்த வீட்டுக்காரர் சொன்னார். பஞ்சாங்கக் கணக்கை மட்டும் நம்பி யாரும் இறங்காதீர்கள். கோவிலில் கேளுங்கள், உள்ளூர்க்காரர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். மழைக்காலத்தில் கிட்டவே போகக் கூடாது. அந்தப் பாறையில் அலை இழுத்துப் போனவர்கள் உண்டு.

மறுநாள் முழுக்க ஓய்வு, பேத்திக்குக் கடற்கரை. வெள்ளிக்கிழமை ஸ்ரீவர்தன் போய், பேஷ்வாக்களின் பூர்வீக ஊரை ஒரு மணி நேரம் பார்த்து, அரைக் கிலோ பாக்கு வாங்கிக்கொண்டு மும்பை வந்து சேர்ந்தோம்.

செலவு விவரமும், தங்கிய இடங்களின் விலாசமும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன், வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம். டிராவல் ஏஜெண்ட்டின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். அக்கா மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள், நான் ஏதாவது தப்பாகச் சொல்லியிருந்தால் காபி குடிக்கும்போது அவளே திருத்திவிடுவாள். செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.